வேறொரு வேரில் நிற்கும் கொடி

"நானாகவே முன்னுக்கு வந்தேன்" என்று ஓர் இளைஞர் சொன்னால் நான் உடனே மறுத்துப் பேசுவதில்லை. கண் விழித்துப் படித்தவருக்கும் வேலை தேடி அலைந்தவருக்கும் அப்படிச் சொல்லத் தோன்றுவது இயல்பு. ஆனாலும் பிள்ளைகளே, அந்தப் பேச்சுக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. அது ஹங்கேரி நாட்டில், ஏரிக்கரையோரத்து மலைச்சரிவு ஒன்றில் இருக்கிறது. பள்ளியில் புவியியல் கற்பித்தவன் நான். மனிதரைப் பற்றிப் பேசவும் எனக்கு நிலம்தான் கைகொடுக்கிறது.

பாலட்டோன், மத்திய ஐரோப்பாவின் மிகப் பெரிய ஏரி. நீளம் ஏறக்குறைய 77 கிலோமீட்டர். சராசரி ஆழமோ 3 மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதன் வடகரையில் உச்சி தட்டையான ஒரு மலை நிற்கிறது. பெயர் பதச்சோனி, உயரம் 437 மீட்டர். அதன் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். வெள்ளை ஒயினுக்குப் பெயர்போன வட்டாரம் அது. மதுவுக்குப் பரிந்து பேச நான் வரவில்லை. கொடியைப் பற்றியும் அதை வளர்த்த கைகளைப் பற்றியுமே சொல்ல வருகிறேன்.

முதலில் மலையைப் பாருங்கள். ஒரு காலத்தில் அந்த நிலப்பரப்பைப் பனோனியக் கடல் என்னும் பெரும் நீர்ப்பரப்பு மூடியிருந்தது. அது விட்டுச்சென்ற மணலும் களிமண்ணும் தடித்த படிவாகத் தங்கின. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைக் குழம்பு அந்தப் படிவைத் துளைத்துக்கொண்டு வந்து, மேலே பரவி, பசால்ட் என்னும் கரிய பாறையாக இறுகியது. பிறகு காற்றும் நீரும் சுற்றியிருந்த மென்மண்ணையெல்லாம் அரித்துக்கொண்டு போயின. பாறை மூடிய இடம் மட்டும் தப்பித்து நின்றது. அந்த மலை வளர்ந்து எழுந்ததல்ல, சுற்றியிருந்த தரை தாழ்ந்ததால் உயரமாகத் தெரிவது. மேலே பாறை இல்லாதிருந்தால் அடியில் இருக்கும் மணல் என்றோ கரைந்து போயிருக்கும். தபோல்சா வட்டாரத்தில் இப்படிப் பல மலைகள் உண்டு: குலாச், சோபான்ஸ், செந்த் ஜோர்ஜ். பழைய தரைமட்டம் எதுவரை இருந்தது என்பதற்கு இவையே சான்று என்பதால் அவற்றைச் சாட்சி மலைகள் என்கிறார்கள்.

இனி கொடிக்கு வருவோம். தெற்கு நோக்கிய சரிவு, அதனால் வெயில் நேராக விழுகிறது. கீழே ஏரி அந்த வெயிலைத் திருப்பிச் சரிவின்மேல் அனுப்புகிறது. ஒரே சூரியன் கொடிக்கு இரண்டு முறை கிடைக்கிறது. ஆழம் குறைந்த ஏரி கோடையில் சீக்கிரம் சூடேறும். கரையோரத்துக் காற்று மென்மையாகும், இலையுதிர்காலத்தின் முதற்குளிர் சற்றுத் தள்ளிப்போகும், பழம் நிதானமாக முற்ற அவகாசம் கிடைக்கும். பகலெல்லாம் வெப்பத்தை வாங்கிய கரும்பாறைத் துண்டுகள் பொழுது சாய்ந்த பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. முதுகுப்புறம் மலை, மலைமேல் காடு. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றின் வேகம் அங்கேயே பாதி அடங்கிவிடும். மண்ணும் ஒருவகை மண்ணல்ல. மேலிருந்து உருண்ட பசால்ட் துகளும் பழைய கடலின் மணலும் களியும் கலந்தது. மழைநீர் அந்த மண்ணை இழுத்துச் செல்லாதபடி, சரிவை அடுக்கடுக்காகக் கட்டிக் கல்சுவர் எழுப்பியவர்கள் யார் யாரோ. அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

இலை விரித்து, வெளிச்சத்தைச் சர்க்கரையாக்கி, பழத்தில் சேர்ப்பது கொடியின் சொந்த உழைப்பு. அதில் சந்தேகமில்லை. உங்கள் உழைப்பையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே கொடியை அதே மலையின் வடக்குச் சரிவில் நட்டால், அதே உழைப்புக்கு அதே பழம் வராது.

தாங்கி நிற்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த வட்டாரத்திலேயே உதாரணம் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலைக்கும் கட்டடத்துக்குமாகப் பதச்சோனியின் பசால்ட்டை வெட்டி எடுக்கத் தொடங்கினார்கள். கோடிக்கணக்கான மழைக்குத் தாக்குப்பிடித்த பாறை அது. அதையே பெயர்த்தார்கள். மக்களின் எதிர்ப்புக்குப் பிறகு 1960களில் வேலை நின்றது. வடு இன்றும் மலையில் தெரிகிறது. அண்டையில் இருக்கும் ஹலாப் மலைக்கு அந்த நல்லகாலம் இல்லை, அதன் தலையையே வெட்டிவிட்டார்கள். எனக்கு இதை நினைத்தாலே நெஞ்சு வலிக்கும்.

மலையைப் போலவே கொடிக்கும் ஒரு சோதனை வந்ததுண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபைலாக்ஸெரா என்னும் பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து ஐரோப்பியத் திராட்சையின் வேரைத் தின்றது. ஹங்கேரியில் அது கண்டறியப்பட்டது 1875இல். பின்னர் பாலட்டோன் கரைத் தோட்டங்களும் பட்டுப்போயின. மீட்சி எங்கிருந்து வந்தது தெரியுமா? அதே அமெரிக்காவிலிருந்துதான். அந்தப் பூச்சியோடு பழகி, தாங்கும் சக்தி பெற்ற அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர்த்தண்டில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். பெருமையோடு உள்ளூர் ரகம் என்று சொல்லப்படும் கொடிகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் மண்ணுக்கடியில் அயல்நாட்டு வேரில்தான் நிற்கின்றன.

மனிதக் கதை ஒன்றும் சொல்லவேண்டும். ஷாந்தோர் கிஷ்ஃபலுதி (1772–1844) ஹங்கேரியின் புகழ்பெற்ற காதல் கவிஞர். 1795இல் பதச்சோனியில் திராட்சை அறுவடை விழாவில் ரோசா செகெதியைச் சந்தித்தார். இடையில் போர், பிரெஞ்சுக்காரரிடம் சிறை. 1800இல் திருமணம். அடுத்த ஆண்டு அவருடைய காதல் கவிதை நூல் வெளிவந்து நாடெங்கும் பேர் வாங்கியது. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது ரோசா. கசப்பு மூலிகை சேர்த்து அவர் செய்த ஒயினுக்குத் தனிப்புகழ் இருந்தது. பாடப் புத்தகத்தில் கவிஞர் இருக்கிறார். மலைச்சரிவில் இருக்கும் பழைய வீடு மட்டும் ரோசாவின் பேரைத் தாங்கி அருங்காட்சியகமாக நிற்கிறது. வீட்டுக் கவலை தெரியாமல் வெளியே பெரிய காரியம் செய்தவர்கள் எல்லோருக்கும் ஒரு ரோசா இருந்திருக்கிறார். உங்கள் வீட்டில் அது யார் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டியாக இருக்கலாம், படிப்பை நிறுத்திக்கொண்ட அக்காவாக இருக்கலாம்.

மீண்டும் கொடிக்கு வருவோம். அந்தச் சரிவுகளில் அதிகம் பயிராவது ஓலஸ்ரிஸ்லிங் என்னும் திராட்சை ரகம். ஆனால் பதச்சோனியின் அடையாளம் என்று சொல்லப்படுவது கேக்நியெலூ. இலைக்காம்பில் நீலச் சாயல் ஓடும் கொடி அது. விளைச்சல் குறைவு. அதன் பூவில் மகரந்தம் இருந்தும் பயன்படாது, பெண்பூவாகவே நடந்துகொள்ளும். பக்கத்தில் வேறு ரகம் பூத்து, காற்று அதன் மகரந்தத்தைச் சுமந்து வந்தால்தான் காய் பிடிக்கும். அதனால் புடாய் ஸோல்ட் என்ற ரகத்தை இடையிடையே வரிசையாக நடுவது அந்த ஊர் வழக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கவேண்டும், பூக்கும் நாளில் மழை கொட்டக் கூடாது. எல்லாம் கூடிவந்தாலும் குலைகள் சிறியவையே. வாய்த்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் வைத்தாலும் தளராத புளிப்பும் மணமும் கொண்ட ஒயின் என்று அறிந்தவர்கள் போற்றுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், அரசுப் பண்ணைகளின் காலத்தில், எவ்வளவு விளைந்தது என்பதே கணக்கு. செங்குத்துச் சரிவும் வேண்டாம், குறைவாகக் காய்க்கும் கொடியும் வேண்டாம் என்றானது. கேக்நியெலூ அழிவின் விளிம்புக்குப் போனது. அதை வைத்திருந்தது பதச்சோனியின் ஆராய்ச்சி நிலையமும், விடாப்பிடியான சில விவசாயிகளும். லாபமில்லை என்று தெரிந்தும் வைத்திருந்தார்கள். 1990களில் நிலம் மீண்டும் தனியார் கைக்கு வந்தபோது, புதிதாக நட விரும்பியவர்களுக்கு வெட்டிக் கொடுக்கக் குச்சிகள் இருந்தது அவர்களால்தான். நீங்கள் ஒரு துறையில் நுழையும்போது, ஆதாயம் இல்லாத காலத்திலும் அதைக் கைவிடாதவர்கள் யார் என்று விசாரியுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.

அந்த நிலையத்தில் கேக்நியெலூவையும் புடாய் ஸோல்டையும் கலந்து ரோஷாக்கோ என்ற புது ரகமும் உண்டாக்கினார்கள். பதச்சோனிச் சரிவில் இருக்கும் ஒரு பாறையின் பெயர் அது. ஏரிக்கு முதுகு காட்டி அதில் சேர்ந்து உட்காரும் ஆணும் பெண்ணும் ஓராண்டுக்குள் மணம் முடிப்பார்கள் என்பது ஊர் நம்பிக்கை. கேக்நியெலூ பூக்கும் நாளோடு இதன் பூக்கும் நாள் நன்றாக ஒத்துவருகிறது. இப்போது தோட்டம் போடுகிறவர்கள் பலர் கேக்நியெலூ வரிசைகளுக்குப் பக்கத்தில் ரோஷாக்கோவை நடுகிறார்கள். தாய்க்கொடியின் பூவுக்கு அதன் பிள்ளைக் கொடியே மகரந்தம் தருகிறது.