செத்த விசைகளின் பட்டியல்

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியில் ‘பி’ விசை வேலை செய்யவில்லை என்றால் கேசட்டிலிருந்து விளையாட்டு எதையும் வழக்கப்படி ஏற்ற முடியாது. ‘லோட்’ கட்டளைக்கு ‘ஜே’ ஒன்றை அழுத்தினால் போதும், முழுச் சொல்லும் திரையில் வந்துவிடும். அதன் பின்னால் வரவேண்டிய மேற்கோள் குறிகளோ ‘பி’ விசையில் இருக்கின்றன.

கேம்பிரிட்ஜின் சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்ட வீட்டுக் கணினி இது. 16கே நினைவகத்தோடு 125 பவுண்டு, 48கே என்றால் 175. விலை ஏறாமலிருக்க ரிக் டிக்கின்சன் விசைப்பலகையை எளிமையாக்கினார்: 40 விசைகளும் ஒரே ரப்பர் விரிப்பு, அதனடியில் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சிட்ட பிளாஸ்டிக் சவ்வு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் கைக்கடிகாரம் செய்து பழகிய டைமெக்ஸ் தொழிலாளர்கள் இந்தக் கணினிகளைப் பூட்டினார்கள். பெரும்பாலும் பெண்கள். அந்த ஆலை 1993இல் மூடப்பட்டது.

இன்று இவற்றைப் பழுதுபார்ப்பவர்களில் பணி ஓய்வுக்குப் பிறகு இதில் இறங்கியவர்களும் உண்டு. கேம்பிரிட்ஜில் நான் பார்த்த மெக்கானிக் முதலில் திருப்புளியைத் தொடவே இல்லை. ஒவ்வொரு விசையாக அழுத்தி, எழுத்து விழாதவற்றைத் தாளில் குறித்தார். பி, ஓ, ஐ, யு, ஒய். அந்தப் பட்டியலே பாதி வேலையை முடித்துவிட்டது.

விசைகள் ஐந்தைந்தாக எட்டு அரைவரிசைகள். சவ்விலிருந்து இரண்டு ரிப்பன்கள் கீழே இறங்குகின்றன. எட்டுக் கோடு உள்ளது அரைவரிசைகளுக்கு, ஐந்து கோடு உள்ளது நெடுவரிசைகளுக்கு. பக்கத்துப் பக்கத்து ஐந்து விசைகள் சேர்ந்து செத்தால் குற்றவாளி பெரிய ரிப்பன், அல்லது அந்தக் கோட்டில் இருக்கும் டயோடு. 1, க்யூ, ஏ, கேப்ஸ் ஷிப்ட், 0, பி, என்டர், ஸ்பேஸ் என்று எட்டு விசைகள் ஒன்றாகப் போனால் சின்ன ரிப்பனைப் பார்க்க வேண்டும்.

அடியில் ஐந்து ஸ்க்ரூ. மூடியை வெடுக்கென்று தூக்கக் கூடாது, ரிப்பன்கள் அவ்வளவு குட்டை. இரண்டையும் உருவிவிட்டு, ஒரு கம்பித் துண்டால் போர்டில் உள்ள பெரிய சாக்கெட்டின் அந்த அரைவரிசைக் கோட்டையும் சின்ன சாக்கெட்டின் கோடுகளையும் மாற்றி மாற்றி இணைத்தார். திரையில் எழுத்துகள் விழுந்தன. போர்டும் டயோடும் சரி, சவ்வுதான் போய்விட்டது.

வயதாக ஆக அந்த பிளாஸ்டிக் காய்ந்த ஓலைபோல் முறுகிவிடுகிறது. பெட்டிக்குள் மின்னழுத்த ரெகுலேட்டர் கிளப்பும் சூடு வேறு. மடிப்பில் ஒரு மயிரிழை விரிசல் போதும், கோடு அறுந்துவிடும். சாலிடர் வைக்கவும் வழியில்லை, பிளாஸ்டிக் உருகிவிடும்.

சவ்வை மாற்றுவதில் நேரம் தின்பது முகப்புத் தகடுதான். மெல்லிய அலுமினியம், இருபக்கப் பசை நாடாவால் ஒட்டியது. ஹேர் டிரையரால் சூடேற்றி, பசை இளகியதும் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்ப வேண்டும். அவசரப்பட்டு ஒருமுறை மடித்துவிட்டால் அந்தத் தழும்பு போகவே போகாது.

ரிப்பனின் முறிந்த நுனியைச் சில மில்லிமீட்டர் வெட்டி மறுபடி செருகுபவர்களும் உண்டு. பழைய உறுப்பு பழையதாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஏற்கெனவே குட்டையான ரிப்பனில் எத்தனை முறை வெட்டுவது? அடுத்த விரிசல் வேறோர் இடத்தில் வரத்தான் செய்யும். புதுச் சவ்வுகள் இன்றும் தயாராகி விற்பனைக்கு வருகின்றன. கணினியை ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர் புதியதைப் போடுவதே சரி.