நாலு உள்ளங்கை

உங்கள் உள்ளங்கையைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். ரேகை பார்த்து ஆயுள் சொல்லப் போவதில்லை. ஆனாலும் ஆயுள் சம்பந்தப்பட்ட விஷயம்தான். நீங்கள் ஓட்டும் கார், ஒரு டயருக்கு ஏறக்குறைய அந்த அளவு இடத்தில்தான் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நாலு டயருக்கு நாலு உள்ளங்கை. திருப்புவது, நிறுத்துவது, மழையில் வழுக்காமல் போவது எல்லாமே அந்த இடத்தில்தான் நடக்கிறது.

நம்பாதவர்களுக்கு ஒரு தோராயக் கணக்கு. சின்ன கார் ஒன்று 900 கிலோ. நாலு பேர், ஒரு பை, ஒரு தேங்காய் மூட்டை எல்லாம் சேர்த்து 1200 என்று வையுங்கள். ஒரு டயருக்கு 300 கிலோ. டயரில் காற்று 30 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ. 300-ஐ 2.1-ஆல் வகுத்தால் சுமார் 143 சதுர செ.மீ. பத்துக்குப் பதினாலு. அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேயாவது வந்ததா, கவனித்தீர்களா? வரவில்லை. அதே எடை, அதே காற்று என்றால் அகல டயர் போட்டாலும் தரையைத் தொடும் பரப்பு பெரிதாக மாறாது. வடிவம்தான் மாறும்; நீளம் குறைந்து அகலம் கூடும். வளைவில் அதற்குக் கொஞ்சம் பலன் உண்டு. ஆனால் 'டயர் ரெண்டு மடங்கு, பிடிப்பு ரெண்டு மடங்கு' என்று கடையில் சொன்னால், சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடலாம்.

இதையெல்லாம் நான் உட்கார்ந்து படிக்க நேர்ந்ததற்குக் காரணம் என் அக்கா மகன். 2019 மாடல் ஸ்விஃப்ட், அடிப்படை வேரியன்ட் வைத்திருக்கிறான். தினமும் தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு ஆபீஸ். சனிக்கிழமையானால் என் அக்காவை முதுகு வலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போவான். போனஸ் வந்ததும் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, வண்டிய ஹேண்ட்லிங்குக்காக அப்கிரேட் பண்ணப் போறேன். பதினேழு இன்ச் அலாய், 205 டயர், லோயரிங் ஸ்பிரிங். எண்பதாயிரம் ஆகும்."

"எதுக்குடா?"

"வளைவுல சாயுது மாமா. பிரேக் அடிச்சா ஒரு பக்கமா இழுக்குது. இதெல்லாம் போட்டா ரோட்டுல ஒட்டிக்கிட்டுப் போகும்."

ஹேண்ட்லிங் என்றதும் ரேஸ் சமாசாரம் என்று பலர் நினைக்கிறார்கள். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு அதன் அர்த்தம் எளிமையானது. நீங்கள் நினைத்த இடத்துக்கு வண்டி போகணும், நினைத்த இடத்தில் நிற்கணும், அதுவும் திடீரென்று ஒருவர் குறுக்கே வரும்போது. பையன் ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. காசை எந்த வரிசையில் செலவு செய்வது என்பதுதான் கேள்வி.

முதலில் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஜாதகத்தைப் படிக்கலாம். அவன் வண்டியில் 165/80 R14. 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் டயர் சுவரின் உயரம் என்பது. 14 என்பது டிஸ்க்கின் விட்டம், இன்ச்சில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவிகிதம், இன்ச் மூன்றையும் கலந்து எழுத எப்படித்தான் சம்மதித்தார்களோ! சுவரின் உயரம் 132 மி.மீ. ஆகிறது. மொத்தச் சக்கரத்தின் விட்டம் 620 மி.மீ.

அவன் ஆசைப்பட்ட 205/45 R17-க்கும் மொத்த விட்டம் கிட்டத்தட்ட அதேதான், 616 மி.மீ. அதனால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் சுவரின் உயரம்? 92 மி.மீ. ரோட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இருந்த காற்று மெத்தையில் 4 சென்டிமீட்டர் காணாமல் போய்விட்டது. ஷோரூம் தரையில் நின்றால் கம்பீரம். வேளச்சேரிப் பள்ளத்தில் இறங்கினால் டயர் நசுங்கி டிஸ்க் நேராக அடிபடும். இரும்பு டிஸ்க் வளைந்தால் பல சமயம் தட்டி எடுத்துவிடலாம். அலாய் விரிசல் விட்டால் ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான்.

டயருக்குள் காற்று வந்த கதையே மெத்தைக் கதைதான். பெல்ஃபாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் பையனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்குகிறதே என்றுதான் ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சுற்றினார். 1888-ல் பேடன்ட் வாங்கினார். (அவருக்கு நாற்பது வருஷம் முன்பே தாம்ஸன் என்பவர் இதே யோசனைக்குப் பேடன்ட் வாங்கியிருந்தது பிறகு தெரிந்தது வேறு விஷயம்.) ஆகவே வண்டியின் முதல் சஸ்பென்ஷன் டயர்தான். ஸ்பிரிங்குக்கு வேலை வருவது அதற்கு அப்புறம்.

"ரேஸ் கார் எல்லாம் பெரிய டிஸ்க்தானே மாமா?" என்றான். 2021 வரை ஃபார்முலா ஒன் கார்கள் ஓடியது 13 இன்ச் டிஸ்க்கில், புஸுபுஸுவென்று தடித்த டயரில்! 2022-ல்தான் 18 இன்ச்சுக்கு மாறினார்கள். நம் பையன் வண்டியைவிடச் சின்ன டிஸ்க்கில்தான் ஷூமாக்கரும் நரேன் கார்த்திகேயனும் ஓட்டினார்கள் என்றதும் ஒரு நிமிஷம் பேச்சு நின்றது.

அடுத்தது ஸ்பிரிங். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. நாம் ஷாக் அப்சார்பர் என்று சொல்வது ஷாக்கை வாங்குவதில்லை. பள்ளத்தின் அடியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கிய அடியில் ஸ்பிரிங் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்குமல்லவா, அதை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய் சின்ன ஓட்டைகள் வழியாகப் புகுந்து போக, ஆட்டம் சூடாக மாறிக் கரைந்துவிடுகிறது. அது செத்துப்போனால் சக்கரம் ரோட்டில் நிற்காமல் குதிக்கும். குதிக்கிற நேரத்தில் உங்கள் உள்ளங்கை அந்தரத்தில் இருக்கிறது. பிரேக் போட்டு என்ன பிரயோஜனம்?

வண்டியைத் தாழ்த்தினால் ஈர்ப்பு மையம் இறங்கும், வளைவில் சாய்வது குறையும். வாஸ்தவம். ஆனால் நம்மூர் வேகத்தடைகளை நினைத்துப் பாருங்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் நீளமாக மெல்ல ஏறி, நடுவில் 10 செ.மீ. உயரம்தான் இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் தாண்டலாம். நம் தெருவில் இருப்பது, யாரோ வீடு கட்டி மிஞ்சிய சிமென்டில் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டது. அதன் மேல் தாழ்த்திய காரை ஏற்றினால் அடிவயிறு உரசும். கெட்டியான ஸ்பிரிங்கில் பின் சீட்டில் என் அக்காவின் முதுகு என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கு அவனிடம் பதில் இல்லை.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு கேட்பதைவிட, முன்னாடியே நாம் அவர்களிடம் எழுத்தில் கேட்டுவிடுவது உத்தமம்.

சரி, வண்டி ஏன் ஒரு பக்கமாக இழுக்கிறது? ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முழுக்க அலாய் பார்த்து அலுத்த பிறகு, எனக்குப் பழக்கமான டயர்க்கடை பாயிடம் அழைத்துப்போனேன். நாற்பது வருஷமாக டயரோடு புழங்குகிறவர். முன் பானட்டின் மூலையை ஒரு அழுத்து அழுத்தி விட்டார். வண்டி ஒரு தடவை எழும்பி நிற்காமல், மூன்று தடவை தலையாட்டியது. "ஷாக் அப்சர் போச்சு தம்பி." ஜாக்கி போட்டு, சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். "லோயர் ஆர்ம் புஷ்ஷும் போச்சு." கடைசியாக டயரின் ஓரத்தில் நாலு இலக்க எண்ணைக் காட்டினார். 1219. 2019-ம் வருஷத்தின் பன்னிரண்டாவது வாரம் தயாரானது. "வண்டியோட வந்த டயரு. நகத்தால அழுத்திப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கு. இதுல பதினேழு இன்ச் பேசுறீங்களே தம்பி!"

ரப்பருக்கும் வயசாகும். பட்டன் தேயாவிட்டாலும் இறுகிப்போகும். இறுகினால் ஈர ரோட்டில் பிடிக்காது. பட்டனின் ஆழம் 1.6 மி.மீ. வந்தால் சட்டப்படியே டயரின் கதை முடிந்தது. பட்டன்களுக்கு இடையே பள்ளத்தில் சின்னச் சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள். ரப்பர் அதன் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

அந்தப் பள்ளங்கள் எதற்கு என்று ஐப்பசி மழையில் ஓ.எம்.ஆரில் போகிறவர்களுக்குத் தெரியும். தண்ணீரை வெளியே தள்ள. தள்ள முடியாதபோது டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். 1960-களில் நாசா விஞ்ஞானிகள் விமான டயர்களுக்காக ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார்கள். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால், மிதக்க ஆரம்பிக்கும் வேகம் நாட் கணக்கில் வரும். 30 பி.எஸ்.ஐ.க்கு மணிக்கு சுமார் 91 கிலோமீட்டர். காற்றை 20-க்கு இறங்க விட்டால் 75-லேயே மிதக்கும். கார் டயருக்கு இது ஒரு அடையாளக் கணக்குதான். ஆனால் மாசக் கணக்கில் காற்று பார்க்காமல் ஓட்டுகிறவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்க இது போதும். அகலமான டயர் இன்னும் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் பையன் செய்தது இது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு புது ஷாக் அப்சார்பர், கம்பெனி அளவிலேயே. இதை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒற்றைக் காலில் புதுச் செருப்பு போட்ட மாதிரி ஆகக் கூடாது. லோயர் ஆர்ம் புஷ். நாலு புது டயர். அலைன்மென்ட், பேலன்ஸிங். அலாய் ஆசையையும் நான் முழுசாகக் கொல்லவில்லை. அவன் மாடலிலேயே உயர்ந்த வேரியன்ட்டுக்குக் கம்பெனி கொடுத்தது 185/65 R15. விட்டம் இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், சுவர் 120 மி.மீ. மெத்தை பெரும்பாலும் பத்திரம், வளைவிலும் நெளிவது குறைவு. அதே சைஸ் அலாய் வாங்கிப் போட்டான். எண்பதாயிரத்தில் கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது.

பிறகு ஒரு மழைச் சாயங்காலம் போன் செய்தான். முன்னால் போன பைக் சறுக்கி விழுந்ததாம். பைக்கில் அப்பா, அம்மா, நடுவில் குழந்தை. இவன் பிரேக் அடித்து அரை வண்டி தூரம் மிச்சமிருக்க நிறுத்தியிருக்கிறான், நேராக. "இழுக்கவே இல்ல மாமா" என்றான். குரல் லேசாக நடுங்கியது. புது டயரும் ஷாக் அப்சார்பரும்தான் காப்பாற்றின என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பழைய டயரில் அந்த அரை வண்டி தூரம் மிஞ்சியிருக்குமா என்று கேட்டால், அதற்கும் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆகவே உங்கள் வண்டிக்கு 'அப்கிரேட்' செய்ய நினைத்தால் வரிசை இதுதான்: காற்று, தேய்ந்த பாகம், டயர், அலைன்மென்ட், ஷாக் அப்சார்பர், டிஸ்க். முதல் அயிட்டத்துக்கு ஏறக்குறைய செலவே கிடையாது. அதனால்தானோ என்னவோ, அதை யாரும் செய்வதில்லை.

காற்று பார்க்கும்போது டிக்கியையும் திறக்கச் சொல்லுங்கள். ஆதி காலத்துக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. 1904-ல் வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் இருந்த இரண்டு சகோதரர்கள் அதைத் தயாரித்து விற்றார்கள். தெருவின் பேரே சக்கரத்துக்கு ஆகி, கடல் கடந்து நம் ஊர் மெக்கானிக் வாயில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. உங்கள் ஸ்டெப்னியில் கடைசியாக எப்போது காற்று பார்த்தீர்கள்?