ஒரே மும்பை, இரண்டு மாவட்டம்

தாராவியில் ஒரு தமிழரிடம் எந்த மாவட்டம் என்று கேட்டால் திருநெல்வேலி என்றோ தூத்துக்குடி என்றோ பதில் வருவதுதான் வழக்கம். குடியிருக்கும் மாவட்டத்தின் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது. மும்பை ஒரே ஊர்தானே என்ற எண்ணம். ஆனால் அரசு ஏடுகளில் மும்பை இரண்டு.

1990 அக்டோபர் 1 அன்று மும்பை புறநகர் தனி மாவட்டமானது. எல்லையை இயற்கை முன்பே போட்டு வைத்திருந்தது. தெற்கே பழைய பம்பாய்த் தீவு. வடக்கே சால்செட் தீவு. நடுவில் மித்தி ஆறும் மாஹிம் கழிமுகமும். விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரைச் சுமந்து வரும் மித்தி, தாராவியை உரசிக்கொண்டு கடலுக்குப் போகிறது. தாராவியும் மாதுங்காவும் இக்கரையில், நகர மாவட்டம். செம்பூர் புறநகர் மாவட்டத்தின் குர்லா தாலுகா.

நகர மாவட்ட கலெக்டர் அலுவலகம் கோட்டைப் பகுதியின் பழைய சுங்க மாளிகையில். இந்த மாவட்டத்தில் தாலுகாவே கிடையாது. புறநகர் கலெக்டர் கிழக்கு பாந்த்ராவில். அவருக்குக் குர்லா, அந்தேரி, போரிவலி என்று மூன்று தாலுகாக்கள். எல்லைக்குள் சிறுத்தைகள் உலவும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும் ஆதிவாசிக் குடியிருப்புகளும். 2011 கணக்கெடுப்பில் இங்கே சுமார் 93.5 லட்சம் பேர். நகர மாவட்டத்திலோ 31 லட்சத்துக்கும் குறைவு. 2001ல் இருந்ததைவிடக் குறைந்திருந்தது.

இரு மாவட்டங்களிலும் ஜில்லா பரிஷத் இல்லை. குடிநீர், குப்பை, சாக்கடை எல்லாம் ஒரே மாநகராட்சி. செஷன்ஸ் நீதிமன்றமும் பொதுவானதே. தேர்தல் வரைபடம் இந்த எல்லையைச் சட்டை செய்வதில்லை: தென் மத்திய மும்பை மக்களவைத் தொகுதியில் தாராவியும் செம்பூரும் சேர்ந்தே இருக்கின்றன.

ஆக, இந்தக் கோடு யாரையும் தொடாமல் காகிதத்திலேயே கிடந்தது. தாராவி மறுசீரமைப்புத் திட்டம் வந்ததும் நிலைமை மாறியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை நிரூபிப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். பிறகு வந்தவர்களுக்கும் மாடி அறைகளில் இருப்பவர்களுக்கும் வீடு தாராவிக்கு வெளியே, அதுவும் இலவசமில்லை. அதற்காகத் தேடப்பட்ட நிலங்களில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால், புறநகர் மாவட்டத்தில்தான்: குர்லா பால்பண்ணை, முலுண்ட் வரை நீளும் உப்பளங்கள், செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைமேடு. குப்பைமேட்டில் சுமார் 124 ஏக்கர் ஒதுக்க மாநில அரசு 2024ல் முடிவெடுத்தது.

மாதுங்காவில் தொடங்கி, வசதி கூடியதும் செம்பூரில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் விரும்பி எல்லையைக் கடந்தவர்கள். தாராவி மாடி அறைக்காரருக்கு வீடு மட்டுமல்ல கவலை. இட்லி மாவு அரைத்து விற்பவருக்கு வாடிக்கை அந்தச் சந்தில். தோல் வேலைக்காரருக்குப் பட்டறை அடுத்த தெருவில். பிள்ளைகளின் பள்ளி நடக்கும் தொலைவில். தேவ்னார் வரைபடத்தில் பக்கம்தான். ஆனால் நாள் கூலியில் பஸ் கட்டணம் கழிந்தால், அந்தப் பக்கம் தூரமாகிவிடும்.

பழைய ரேஷன் கார்டும் மின்கட்டண ரசீதும் இன்று தாராவியில் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. எந்த மாவட்டத்தில் குடியிருக்கப் போகிறார்கள் என்பதை அந்தத் தாள்களின் தேதிதான் முடிவு செய்யும்.