பேர் வெட்டிய தூக்குவாளி

6.1.2024, சனி

மிக்ஜாம் புயல் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. டிசம்பர் 4 அன்று வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கைக்குக் கிடைத்ததையெல்லாம் பரணில் ஏற்றினோம். இறக்கத்தான் நாள் வரவில்லை. இன்று இட்லித் தட்டைத் தேடினேன். போர்வை மூட்டைக்குள் ரேஷன் கார்டு கிடைத்தது, தையல் மிஷின் மூடிக்குள் திருப்புளி கிடைத்தது. இட்லித் தட்டு மட்டும் இல்லை. ஒரு மாதமாக இந்த வீட்டில் தோசைதான்.

போகிக்குள் ஒழுங்கு செய்துவிடுவது என்று இருநூறு பக்க நோட்டு வாங்கி வந்தேன். பொருள், எங்கே என்று கோடு போட்டேன். “யாருதுன்னும் ஒரு பத்தி போடும்மா” என்றார் அத்தை. போட்டேன்.

7.1.2024, ஞாயிறு

என் கணவர் ஏணியில், நான் தரையில் நோட்டோடு, அத்தை நாற்காலியில். தவலை, அண்டா, தாம்பாளம், அடுக்குகள், எட்டு ஆழாக்கு கொள்ளும் இரும்புப் படி. (மெட்ரிக் அளவை வந்து அறுபது வருடம் தாண்டியும் எங்கள் உலைக்கு அரிசி ஆழாக்குக் கணக்குத்தான்.)

அத்தைக்குக் கண்ணில் புரை. பாத்திரத்தை மடியில் வாங்கி விளிம்பில் விரலை ஓட்டுகிறார். உளி வைத்துத் தட்டிய பழைய எழுத்து புள்ளி புள்ளியாக இருக்குமே, அது விரலுக்குத் தட்டுப்படுகிறது. “இது எங்கம்மா குடுத்தது. இது உன் நாத்தனார் காதுகுத்துக்கு வந்தது.” எங்கள் கல்யாணப் பாத்திரங்களைக் கொடுத்தேன். மிஷினில் கீறிய மெல்லிய எழுத்து. விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. “இது மொழமொழன்னு இருக்கு, யாரோடதோ” என்று தள்ளிவிட்டார்.

ஏன் எதிலும் முழுப் பேர் இல்லை என்று கேட்டேன். “எழுத்துக்கு இவ்வளவுன்னு காசு கேப்பான். இனிஷியலோட நிறுத்திக்குவோம்.”

10.1.2024, புதன்

நோட்டு மூன்றே நாளில் பொய்யாகிவிட்டது. ‘சுத்தியல்: பரண், இடது பக்கம், நீல வாளி’ என்று எழுதியிருந்தேன். நீல வாளி ஸ்கூட்டர் கழுவப் போய்விட்டது. சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பேர் ஒட்டினேன். துவரம்பருப்பு என்று எழுதிய டப்பாவில் மறுநாளே உளுந்து. வீட்டில் மற்ற எல்லோரும் உளுந்தை அங்கேதான் போய் எடுக்கிறார்கள். தடுமாறுவது நான் ஒருத்திதான்.

13.1.2024, சனி

பரணின் கோடியில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. ‘கோ.மீ. 1978’. எங்கள் வீட்டில் அந்த இனிஷியலில் யாரும் இல்லை. அத்தை விரலை ஓட்டினார். இன்னொரு தடவை ஓட்டினார்.

“கும்பகோணத்துல எதிர்வீட்டுக்காரங்களோடது. இவன் பொறந்தப்ப ரசஞ்சாதம் குடுத்தனுப்பினாங்க. வெறும் தூக்காத் திருப்பிக் குடுக்கக் கூடாது இல்லையா? நல்லதா ஏதாவது செஞ்சு போட்டுக் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். அதுக்குள்ள அவங்களுக்கு மாத்தல் வந்துடுச்சு.”

‘இவனு’க்கு நாற்பத்தைந்து வயது. ஏணியில் நின்று தும்மிக்கொண்டிருந்தார்.

14.1.2024, போகி

ஊறிப்போன அட்டைப்பெட்டிகளும் கிழிந்த பாயும் மாநகராட்சி வண்டியில் போயின. இட்லித் தட்டு குக்கருக்குள்ளேயே இருந்தது. அதைப் பற்றி இனிப் பேச்சு வேண்டாம்.

தூக்குவாளியைப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார் அத்தை. எவர்சில்வருக்கு எதற்குப் புளி என்று கேட்க வாய் வந்தது. தேய்த்தேன்.

16.1.2024, செவ்வாய்

வெள்ளத்தன்று ராத்திரி எங்களை மேலே கூப்பிட்டுப் படுக்க வைத்த மாடி வீட்டுக்கு, நேற்று அந்தத் தூக்கில்தான் சர்க்கரைப் பொங்கல் போயிற்று. தூக்கு இன்னும் இறங்கி வரவில்லை. “வரும்” என்கிறார் அத்தை. நோட்டில் ‘எங்கே’ பத்தியில் ‘மாடி’ என்று எழுதியிருக்கிறேன், பென்சிலால்.