பக்கக் கூலியில் ஒரு வாக்குரிமை வரலாறு

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியதும் பாடியில் பல வீடுகளில் ஒரே தேடல். 2002, 2005 பட்டியல்களில் அப்பா பெயர் இருக்கிறதா, அம்மா பெயர் இருக்கிறதா? அம்பத்தூர் தொகுதியைத் தேடியவர்கள் திகைத்துப் போனார்கள். அன்று பாடி இருந்தது வில்லிவாக்கம் தொகுதியில். 2008 மறுவரையறைக்குப் பிறகுதான் அம்பத்தூர் தனியொரு தொகுதியாக வந்தது. அக்கம்பக்கத்தாருக்கு இதைச் சொல்லிப் பாகம் எண்ணையும் எடுத்துக் கொடுத்த ஓர் அக்காவைப் பற்றி நண்பர் சொன்னார். "பழைய பட்டியலைத் தேடுறதுதான் அவங்க பொழப்பே. போய்ப் பாருங்க."

திருவலிதாயம் கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் வாக்குரிமை வரலாற்று ஆய்வுகளுக்காக எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய தாள்களைத் தேடிப் படியெடுத்துத் தருகிறார். கொரட்டூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி எழும்பூர் போவார். நானும் ஒருநாள் கூடவே போனேன்.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, 1909இல் எழுந்த செங்கல் கட்டடம். முதலில் ஆண்டுவாரியான அட்டவணைத் தொகுதிகளைப் புரட்ட வேண்டும். "'விமன்'னு தலைப்புப் பார்த்துட்டு விட்டுட்டா பாதி தப்பிடும். 'பெட்டிஷன்'லயும் பாக்கணும், ஊர் பேர்லயும் பாக்கணும்" என்றார். அரசாணை எண், தேதி, துறை மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால் கட்டு வரும். நாடாவை அவிழ்த்தார். ஓரம் பொடியாக உதிர்கிற தாளின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, முழுத் தாளையும் ஏந்தித் திருப்பினார். முன்னால் ஆணை, பின்னால் அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட குறிப்புகள். யாருக்கு ஏன் ஓட்டு வேண்டாம் என்று வாதாடியவர்கள் அந்தக் குறிப்புகளில்தான் அகப்படுவார்கள்.

1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் இதே சென்னையில் பிரிட்டனின் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டார்கள். 1919 இந்திய அரசுச் சட்டம் அதற்கு முடிவு சொல்லாமல் மாகாண சபைகளின் தலையில் கட்டியது. 1921இல் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னை சட்டமன்றம் சம்மதித்தது. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது இதுவரைக்கும்தான். வரி கட்டுகிற சொத்து இருந்தால்தான் ஆணுக்கே ஓட்டு. அப்படிச் சொத்துள்ள பெண்கள் எத்தனை பேர்? 1935 சட்டம் கணவனின் சொத்தையும் எழுத்தறிவையும் கணக்கில் எடுத்து வாசலைச் சற்று அகலப்படுத்தியது. எல்லோருக்கும் ஓட்டு என்பது அரசியல் சட்டத்தோடுதான் வந்தது. 1951–52 முதல் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள். 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று மட்டும் சொல்லித் தம் பெயரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை. பெரும்பாலோர் வட மாநிலத்தவர்.

அக்காவின் கோடு போட்ட நீள நோட்டுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அதன் பெயர் 'இல்லை நோட்டு'. கேட்டும் கிடைக்காத கோப்புகள் அத்தனையும் பென்சிலில், எண்ணோடு. நம் அரசு அலுவலகங்களில் முடித்த கோப்புக்கு ஓர் எழுத்துப் போடுவார்கள். எல்.டிஸ். என்றால் ஓராண்டில் அழிக்கலாம், கே.டிஸ். மூன்றாண்டு, டி.டிஸ். பத்தாண்டு, ஆர்.டிஸ். மட்டும் நிரந்தரம். "என் பேரை ஏன் சேர்க்கலை" என்று ஓர் ஏழைப் பெண் கொடுத்த மனுவுக்கு எல்.டிஸ். விழுந்திருந்தால் அவள் கேட்டதற்கே தடயம் இருக்காது. வேறொரு கோப்பின் மேற்கோளில் அந்த மனுவின் எண் மட்டும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் அக்கா குறித்து வைக்கிறார்.

கூலியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பல்கலைக்கழகத்துக்கும் அக்காவுக்கும் நடுவே ஓர் ஏஜென்சி, அதற்குக் கீழே இன்னொருவர். கிடைத்த பக்கத்துக்குத்தான் காசு. நாள் முழுக்க அட்டவணை புரட்டி 'இல்லை' என்று உறுதி செய்தால் ரயில் டிக்கெட்டுக்குக்கூட வழியில்லை. இது கொள்ளை. தடித்த சட்டமன்ற விவாதங்களைப் படியெடுத்தால் பக்கம் ஏறும், பணம் வரும். ஓட்டில்லாதவர்களின் மெல்லிய கோப்பைத் தேடினால் பட்டினி. அப்படியானால் எதைத் தேடுவார்கள்? அந்த வரலாற்றில் யார் இருப்பார்கள்? தரகருக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை. 'இல்லை நோட்டை' இதுவரை யாரும் கேட்டு வாங்கியதில்லை என்று அக்கா வருத்தமில்லாமல் சொன்னார். எனக்குத்தான் தாளவில்லை.

வாக்குரிமை வரலாறு எழுதும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேடித் தருகிறவர்களுக்கு நாள் கணக்கில், நேரடியாகக் கூலி கொடுங்கள். கிடைக்காதவற்றின் பட்டியலையும் விலை கொடுத்து வாங்கி, நூலின் பின்னிணைப்பாக, தொகுத்தவரின் பெயர் போட்டு அச்சிடுங்கள்.