துருவும் பொழுதும்

“எத்தனை நாளாகும்?” என்பது கைவினை செய்வாரிடம் உலகம் கேட்கும் முதல் வினா. தச்சரிடமும் கேட்கிறோம், தையற்காரரிடமும் கேட்கிறோம். கூலிக்குச் செய்வோர் அதற்கு ஒரு நாளைக் குறித்துச் சொல்லியாக வேண்டும். கூலி கருதாது, தம் ஓய்வுப் பொழுதில், விருப்பம் ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு ஒரு வேலையை மேற்கொள்வாரிடம் அவ்வினாவை எழுப்பினால் விடை எளிதில் வாராது. அமெரிக்க நாட்டில் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் ஆர்வலர் ஒருவரோடு பழகும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவ்வினாவின் ஆழத்தை நாம் உணர்ந்தது அப்போதுதான்.

‘பிக்கப்’ என வழங்கும் சிறு சரக்கு வண்டி அமெரிக்க உழவர்க்கு நம்மூர் மாட்டுவண்டியைப் போன்றது. முன்னே ஓட்டுநர் அறை, பின்னே திறந்த பெட்டி என்னும் அமைப்பிலான வண்டியை ஃபோர்டு நிறுவனம் தன் ஆலையிலேயே முழுமையாகச் செய்து 1925-ஆம் ஆண்டில் 281 டாலர் விலைக்கு விற்றது. அதன்பின் பண்ணை தோறும் இவ்வகை வண்டிகள் பெருகின. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947-இல் செவ்ரலே நிறுவனம் வெளியிட்டுப் 1955-இன் தொடக்கம் வரை செய்துவந்த வரிசை மிகவும் புகழ்பெற்றது. உருண்ட முகமும் பருத்த தோள்களும் உடைய அவ்வண்டிகளை இன்றும் ஆர்வலர்கள் தேடித் தேடி வாங்குகின்றனர்.

நம் மகன் பணிபுரியும் ஒகையோ மாநிலத்துச் சிற்றூரில் 2011, 2014, 2018 ஆகிய ஆண்டுகளில் நாம் சில மாதங்கள் தங்கியிருந்தோம். அண்டை வீட்டார் உயர்நிலைப் பள்ளியொன்றில் கணித ஆசிரியர். ஆசிரியருக்கு ஆசிரியர் என்னும் உறவு எல்லை கடந்தது போலும். இரண்டே நாளில் நண்பரானோம். அவருடைய வண்டிக்கொட்டிலில் 1951-ஆம் ஆண்டுச் செவ்ரலே பிக்கப் ஒன்று நின்றது. அவருடைய பாட்டனார் புதிதாக வாங்கியது. தந்தையார் இளமையில் பால் குடங்களையும் தீவன மூட்டைகளையும் ஏற்றி ஓட்டியது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பண்ணைக் கொட்டகையில் கோழிகளுக்குக் குடியிருப்பாக இருந்துவிட்டு அப்போதுதான் வீடு வந்து சேர்ந்திருந்தது. தந்தையாருக்கு அவ்வாண்டில் அகவை எண்பத்து நான்கு.

“இதில் அப்பாவை அருகில் அமர்த்திப் பண்ணைச் சாலையில் ஒருமுறை ஓட்ட வேண்டும்” என்றார் நண்பர். எத்தனை நாளாகும் என்று நாமும் கேட்டோம். “இரண்டு ஆண்டு” என்றார், கணித ஆசிரியருக்குரிய உறுதியோடு.

அவர் போட்ட கணக்கு எளியது. வண்டியை அடிச்சட்டம் வரை கழற்றி மீண்டும் பூட்டுவதற்கு ஆயிரம் மணி நேரம் என்பது பழகியோர் கூறும் பொதுவான மதிப்பீடு. வாரக் கடைசியில் எட்டு மணி நேரம் எனக் கொண்டால் நூற்றிருபத்தைந்து வாரங்கள். கோடை விடுமுறையையும் சேர்த்தால் இரண்டாண்டு போதும். கணக்கில் பிழையில்லை. ஆனால் துரு கணிதம் பயின்றதில்லை!

ஒரு போல்ட்டைக் கழற்றப் பத்து நிமிடம் என்று அவர் கருதியிருந்தார். அறுபது ஆண்டுத் துருவேறிய போல்ட், சாவி பட்டவுடன் தலை முறிந்து நின்றது. எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருத்தல், தீயால் சூடேற்றுதல், அதற்கும் அசையாவிடின் துளையிட்டு எடுத்து மரையைப் புதிதாக வெட்டுதல் என ஒரு போல்ட் ஒரு பிற்பகலை விழுங்கியது. எஞ்சினோ முற்றும் இறுகிக் கிடந்தது. ஆறு சிலிண்டர்களிலும் எண்ணெயை ஊற்றி, நாள்தோறும் மாலையில் வந்து சிறிதே அசைத்துப் பார்ப்பார். வலிந்து திருப்பினால் பிஸ்டன் உடைந்துபோகும். நாற்பது நாள் கழித்து அது ஒரு விரற்கடை நகர்ந்தபோது அவர் எழுப்பிய ஒலி நம் வீடுவரை கேட்டது.

ஈண்டு ஒரு செய்தியை நினைவுகூர்தல் தகும். 1913-இல் ஃபோர்டு ஆலையில் நகரும் பொருத்து வரிசை அமைந்தது. அதற்கு முன் ஒரு வண்டியின் அடிப்பகுதியைப் பூட்டப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மறு ஆண்டில் 93 நிமிடமே போதுமானதாயிற்று. நிமிடக் கணக்கில் பிறக்கும் வண்டியை மறுபடி பிறப்பிக்க ஆண்டுகள் ஆவதேன்? ஆலையில் ஒவ்வொரு துண்டும் சரியான அளவில், சரியான வேளையில் கைக்கு வந்து சேர்கிறது. கொட்டிலிலோ ஒவ்வொரு துண்டையும் தேட வேண்டும், சோதிக்க வேண்டும், செப்பனிட வேண்டும், அதற்குப் பின்னரே பூட்ட வேண்டும். பூட்டும் வேலை அன்றும் இன்றும் சிறிதுதான். பூட்டுவதற்கு ஆயத்தமாதலே பெருவேலை.

2014-இல் நாம் மறுபடி சென்றபோது கொட்டிலில் வண்டியைக் காணவில்லை. வண்டியின் உறுப்புகளையே கண்டோம். ஓட்டுநர் அறை ஒருபுறம் மரக்கட்டைகளின் மேல் அமர்ந்திருந்தது. அடிச்சட்டம் கருவண்ணம் பூசப்பெற்றுப் பளபளத்தது. எஞ்சியவை யாவும் எண்ணிட்ட பெட்டிகளில் இருந்தன. நண்பர் சோம்பியிருக்கவில்லை. அறையின் தரையும் மூலைகளும் துருவால் உதிர்ந்துவிட்டமையின், புதிதாக அச்சடித்து விற்கப்படும் தகடுகளை வாங்கிப் பற்றவைத்திருந்தார். பெட்டியின் தரைக்குரிய மரப்பலகைகளை வாங்கி இழைத்து வைத்திருந்தார். வேலை செய்த ஒவ்வொரு மணியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தார்.

அக்குறிப்பேட்டைப் புரட்டிய நமக்கு வியப்பு மேலிட்டது. நிரம்பிய பக்கங்களினும் வெற்றுத் தேதிகளே மிகுதி. அந்த எஞ்சினின் இணைப்புத் தண்டுகளில் உள்ள தாங்கிகள், ‘பாபிட்’ என்னும் மென்மையான கலவை உலோகத்தை உருக்கி வார்த்தவை. அப்பணி அறிந்த கைவினைஞர் இன்று மிகச் சிலரே. ஒருவரைத் தேடிக் கண்டு, அவருடைய வரிசையில் காத்திருந்ததில் ஒன்பது மாதம் கழிந்தது. டிசம்பர் முதல் மார்ச் வரை கொட்டிலில் உறைபனிக் குளிர்; வண்ணம் பூசினால் ஒட்டாது. தேர்வுக் காலத்தில் விடைத்தாள் திருத்தும் வேலை. இடையே மகளின் கல்லூரிக் கட்டணத்தால் ஓராண்டு பணமுடை. பின்னாளில் வெளிவந்த, அழுத்தத்தால் எண்ணெய் பாயும் எஞ்சினை மாற்றிப் பொருத்துக என்று நண்பர்கள் கூறினர்; பாட்டனார் வாங்கிய எஞ்சினே வேண்டும் என்று அவர் மறுத்துவிட்டார். அந்த உறுதிக்கும் ஒரு விலை உண்டன்றோ? அவ்விலையைக் காலமாகச் செலுத்தினார்.

அடுத்த தெருவில் அவரைப் போன்றே ஒருவர் வண்டியை முழுதும் கழற்றிவிட்டு, எட்டாண்டு கழித்துப் பெட்டி பெட்டியாக விற்றுவிட்டார் என்றும் அறிந்தோம். கழற்றுவதில் ஒரு களிப்பு உண்டு. ஒவ்வொரு நாளும் வேலை முன்னேறுவதாகத் தோன்றும். பூட்டும் வேளை வரும்போது நினைவும் பணமும் ஊக்கமும் குன்றிவிடுகின்றன. தொடங்கிய வண்டிகளில் முடியாது நிற்பவற்றின் கதை பெரும்பாலும் இதுவே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தந்தையார் ஊன்றுகோலோடு கொட்டிலுக்கு வந்தார். அகவை எண்பத்தேழு. நண்பர் மெருகேற்றிய கைப்பிடிகளையும் வெண்மணல் பீய்ச்சித் துலக்கிய சக்கரங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். முதியவர் எல்லாவற்றையும் பொறுமையோடு பார்த்துவிட்டு, “நன்றாக இருக்கிறது மகனே. இது ஓடுமா?” என்று மட்டும் கேட்டார். நண்பர் மறுமொழி கூறவில்லை. அன்றிரவு கொட்டிலில் நெடுநேரம் விளக்கு எரிந்தது.

மறுநாள் சுவரில் தொங்கிய வேலைப் பட்டியல் மாறியிருந்தது. மெருகு, வண்ணம், இருக்கைத் துணி, பலகைத் தரை அனைத்தும் கீழே போயின. பிரேக், திசைத்திருப்பும் அமைப்பு, டயர்கள், எரிபொருள் தொட்டி, மின்கம்பிகள், விளக்குகள் ஆகியன மேலே வந்தன. ஓடுவதற்கும் நிற்பதற்கும் இன்றியமையாதவை எவையோ அவையே முதலில். “இதுவரை நான் வண்டிக்காக வேலை செய்தேன், பேராசிரியரே, இனி அப்பாவுக்காகச் செய்ய வேண்டும்” என்றார்.

2015-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவரிடமிருந்து ஒரு கடிதமும் நிழற்படமும் வந்தன. செங்காவி நிறத்து அடிப்பூச்சோடு, முன்தடுப்பு இன்றி, கிழிந்த பழைய இருக்கையோடு வண்டி பண்ணைச் சாலையில் நிற்கிறது. உள்ளே தந்தையார். நான்கு மைல் சென்றதாகவும், பாதி வழியில் முதியவர், “கியரை இப்படி மாற்றாதே” என்று கடிந்துகொண்டதாகவும் எழுதியிருந்தார். அடுத்த குளிர்காலத்தில் தந்தையார் காலமானார்.

மூன்றாம் முறை நாம் சென்ற 2018-இல் வண்டி நிறைவு பெற்றிருந்தது. கரும்பச்சை வண்ணம், புதுப் பலகைகள், 6 வோல்ட் மின்கலம், 92 குதிரைத்திறன் கொண்ட அதே எஞ்சின். இருக்கைக்கு மட்டும் புதுத் துணி போடவில்லை. காரணத்தை நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குறிப்பேட்டின் கூட்டுத்தொகை ஆயிரம் மணியைச் சற்றே கடந்திருந்தது. நாளுக்கு எட்டு மணி எனக் கணக்கிட்டால் ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து நாள் வேலை. ஆனால் ஆண்டுகள் ஏழு! அவருடைய முதற்கணக்கு தவறன்று. வேலையின் நேரத்தை அளந்தவர், வாழ்க்கையின் இடையீட்டை அளக்கவில்லை, அவ்வளவே. அதனை அளக்க எவராலும் இயலாது. செய்யக்கூடியது ஒன்று உண்டு: எது முதலில், எது பிறகு என்று வகுத்தல். 2014-இல் அந்தப் பட்டியல் மாறியிராவிட்டால், ஏழாம் ஆண்டில் அழகிய வண்டி இருந்திருக்கும். அருகில் அமர்வதற்குத் தந்தை இரார்.

தமிழ் பயில்வோர்க்கு இது புதிய பாடமன்று. டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1880-இல் சீவக சிந்தாமணியைப் பாடம் சொல்லத் தொடங்கி, ஏடு ஏடாகத் தேடி, 1887-இல் அதனை அச்சேற்றினார். ஐயம் அனைத்தும் தீர்ந்த பின்னரே பதிப்பேன் என்று அவர் காத்திருக்கவில்லை. கற்போர் கைக்கு நூலை முதலில் அளித்தார்; பின்வந்த பதிப்புகளில் செப்பம் செய்தார். ஏடும் வண்டியும் வேறு வேறு. பழையதை மீட்கும் நெறி ஒன்றே.

மாணவச் செல்வங்களே! உங்கள் மேசைகளிலும் பெட்டி பெட்டியாக எத்தனையோ முயற்சிகள் கிடக்கலாம்: பாதி எழுதிய ஆய்வேடு, தொடங்கி நிறுத்திய மொழிபெயர்ப்பு, தாத்தாவிடம் கேட்டு எழுத எண்ணிய ஊர் வரலாறு. அவற்றை முடிக்க எத்தனை நாளாகும் என்று கேளாதீர்கள். அதற்கு விடை எவரிடமும் இல்லை. இது யாருக்காக, அவர் நம்மோடு எவ்வளவு காலம் இருப்பார் என்று கேளுங்கள். எதை முதலில் செய்வது என்பது அப்போது தானே விளங்கும். வண்ணம் காத்திருக்கும், மனிதர் காத்திரார்.