பதிவு எண் வருவதற்கு முன்

சமூகப் பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு வரும் பிள்ளைகள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "மேல்படிப்புக்கு சீட் கிடைக்கிற வரைக்கும் வேலைக்குப் போகலாமா மேடம்? பதிவு இல்லாம செய்யற வேலை கணக்குல வருமா?" கட்டாயம் போங்கள் என்பேன். எந்த இடத்துக்குப் போகிறோம் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள் என்பேன்.

இந்தியாவில் சமூகப் பணி எல்லாவற்றுக்கும் பொதுவான உரிமம் என்று ஒன்று கிடையாது. 1936இல் மும்பையில் டாடா சமூகப் பணிப் பள்ளி தொடங்கியது. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னை சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கினார். இத்தனை தலைமுறைகள் படித்து வெளியே வந்தும், வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல் நமக்கு ஒன்று அமையவில்லை. மனநலத் துறை இதற்கு ஒரு விலக்கு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மனநலச் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். வேண்டும், அல்லது விதிகளில் அதற்கு இணையாகச் சொல்லப்படும் தகுதி வேண்டும். அதன்பின் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். 2021இல் வந்த சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டமும் மருத்துவச் சமூகப் பணியாளரைத் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. ஆக, பதிவு என்பது இனி இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய விஷயம்.

பதிவு எண் இல்லாமல் செய்யக்கூடிய வேலை எவ்வளவோ இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் போய், தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்று வாங்கி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டிப்போவது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மருத்துவக் குழு என்றைக்கு உட்காருகிறது என்று தெரிந்து வைத்திருப்பது. ஃபாலோ அப்புக்கு வராதவரைத் தேடி வீட்டுக்குப் போவது. இதைக் குமாஸ்தா வேலை என்று நினைக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு குடும்பம் நம்மை நம்பத் தொடங்குவது பெரும்பாலும் அந்த வரிசையில் கூட நிற்கும்போதுதான்.

நான் எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் வைத்துக்கொண்டு வட மாவட்டம் ஒன்றில் வேலை பார்த்த காலத்து ஹோம் விசிட் ஒன்றைச் சொல்கிறேன். மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த இளைஞர். தாலுகா மருத்துவமனை முகாமுக்கு வருவதை நிறுத்தியிருந்தார். "சோத்துல கலந்து குடுத்தேன் மேடம். கண்டுபுடிச்சிட்டான். இப்ப என் கையால தண்ணி குடுத்தாகூட வாங்க மாட்டேங்கறான்" என்று அவர் அம்மா அழுதார். கிளம்பும் முன்பே என் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்: "அம்மாகிட்ட கேட்டதோட வந்துடாதே. அந்தத் தம்பிகிட்ட மாத்திரையைப் பத்திக் கேளு. அறிவுரை எதுவும் சொல்லாதே."

அந்த இளைஞர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு தானாகச் சொன்னார்: காலையில் மாத்திரை போட்டால் கண்ணைச் சொக்குகிறது, செங்கல் சூளையில் கல் அடுக்கும்போது கை நழுவுகிறது, மேஸ்திரி எல்லார் முன்னாலும் திட்டுகிறார். நோயைப் பற்றி அவருக்கு எந்தச் சண்டையும் இல்லை. மேஸ்திரியிடம் வாங்கும் பேச்சுத்தான் தாங்கவில்லை. அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதிக்கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தேன். டாக்டர் மாத்திரையை இரவுக்கு மாற்றினார். அடுத்த முகாமுக்கு அவரே சைக்கிளில் வந்தார். அம்மாவிடம், இனி அவருக்குத் தெரியாமல் எதையும் சோற்றில் கலக்க வேண்டாம் என்று பேசியதுதான் கடினமாக இருந்தது. அதற்குப் பல விசிட்கள் ஆயின.

இதில் சிகிச்சை என்று நான் எதையும் செய்யவில்லை. கேட்டேன், எழுதினேன், உரியவரிடம் சேர்த்தேன். ஆனால் யாரிடம் கேட்பது, எதைச் சொல்லாமல் இருப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தார். சனிக்கிழமைதோறும் அவர் என் கேஸ் ரெக்கார்டை வரிவரியாகப் படிப்பார். "ஒத்துழைப்பு இல்லை" என்ற வார்த்தையை எங்கே கண்டாலும் சிவப்பு மையில் கோடு போட்டு, "அவர் என்ன சொன்னார்?" என்று பக்கத்தில் எழுதுவார்.

கலிபோர்னியாவில் முதுகலை முடித்தவர் தனியாகச் சிகிச்சை செய்யும் உரிமம் பெறுவதற்கு முன், மேற்பார்வையில் 3,000 மணி நேரம் வேலை செய்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் ஊரில் மேல்படிப்புக்குள் நுழைகிறவருக்குத்தான் அந்த மேற்பார்வை. அதற்கு முன் ஒப்பந்த வேலையில் இருக்கும் பிள்ளைக்கு அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சேர்ந்த முதல் வாரமே தற்கொலைக்கு முயன்றவரின் முன் தனியாக உட்கார வைத்து, "கவுன்சலிங் குடுத்துடும்மா" என்று சொல்லிவிட்டுப் போகும் இடங்கள் இருக்கின்றன. அது அந்தப் பிள்ளைக்கும் அநியாயம், எதிரில் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய அநியாயம். அப்படிச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மூத்தவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டுதான் பேசுவேன் என்று சொல்வதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. வீடுகளில் "டாக்டரம்மா" என்று கூப்பிட்டால் உடனே திருத்துங்கள். நீங்கள் யார், உங்களால் எது முடியும், எதற்கு வேறொருவரிடம் அனுப்புவீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

சம்பளம் குறைவாகத்தான் இருக்கும்; பஸ் செலவைக்கூடச் சில இடங்களில் போராடித்தான் வாங்க வேண்டும். வாங்குங்கள். ஆனால் இன்டர்வியூவில் சம்பளம் பற்றிப் பேச்சு வருவதற்கு முன்பே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "நான் எழுதும் ரெக்கார்டை வாராவாரம் யார் படிப்பார்கள்?" பெயர் சொல்லிப் பதில் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.